முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்

கமியோன்கா, போலந்து
1998 செப்டம்பர் 14

டேய் கொர்னெல்,

வந்து சேர்ந்துவிட்டேன். ஒன்பதாவது கிளப், நான்காவது நாடு. கிளம்பும்போது யர்மிலா கேட்டாள், "இந்தத் தடவையாவது பெட்டியை முழுசாப் பிரிச்சு வைப்பியா?" என்று. பாதி பிரித்திருக்கிறேன். மீதி கட்டிலுக்கடியில் கிடக்கிறது. முழுவதும் பிரித்து வைத்த ஊரில்தான் ஆட்டப் பருவத்தின் நடுவிலேயே என்னைக் கழற்றிவிட்டார்கள். அதிலிருந்து எனக்கு இது ஒரு சகுனம்.

அறை ஒரு கசாப்புக் கடைக்கு மேலே. காலையில் கீழே எலும்பு வெட்டுகிற சத்தம் கேட்டுத்தான் எழுந்திருக்கிறேன். கடைக்காரரின் மனைவி பெயர் போஜெனா. முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க கோல் போடுற ஆளா, அடி வாங்குற ஆளா?" என்றார்.

"அடி வாங்குற ஆளு."

"அப்ப உங்களுக்கு ரெண்டு துண்டு" என்று புகைபோட்ட சாஸேஜை நறுக்கிக் கையில் வைத்தார். பதினைந்து வருஷமாக ஐஸ் ஹாக்கி ஆடுகிறேன். என் தொழிலை இவ்வளவு சீக்கிரம் யாரும் புரிந்துகொண்டதில்லை.

உன் இடத்தில் எனக்கு ஜோடியாகப் போட்டிருப்பவன் பெயர் ரஃபாவ். தடுப்பாட்டக்காரன் என்றுதான் சட்டையில் நம்பர் கொடுத்திருக்கிறார்கள். பக், அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு, கிடைத்தால் போதும், கோல் போடப் பறந்துவிடுகிறான். திரும்பிப் பார்த்தால் என் பக்கத்தில் காற்றுதான் நிற்கிறது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வாயைத் திறப்பதில்லையடா அவன்! மூலையில் கிடக்கும் பக்கை எடுக்க நான் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறேன். நீயாக இருந்தால் "ஆளு!" என்று கத்துவாய், உடம்பை இறுக்கிக்கொள்வேன். "நேரமிருக்கு!" என்று கத்தினால் நிதானமாக எடுத்து நிமிர்ந்து பார்ப்பேன். ஆறு வருஷம் என் முதுகு உன் தொண்டையை நம்பித்தான் பிழைத்தது. இவனிடம் "ஏதாவது கத்துடா" என்றேன். "என்னன்னு கத்தணும்?" என்று கேட்கிறான், ரொம்ப மரியாதையாக.

உன் இடுப்பு எப்படி இருக்கிறது? நம் அணி பஸ்ஸின் கடைசி சீட்டில் சீட்டுக் கட்டோடு உட்கார்ந்திருந்தவன் இப்போது ஊர் பஸ்ஸின் முன்சீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறான் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது. யாராவது தைரியமாக ஏறுகிறார்களா?

திபோர்


பொத்ஹோரா
1998 அக்டோபர் 6

திபோர்,

ஏறுகிறார்கள். வேறு பஸ் இல்லை.

நீ கிளம்பிய அன்று என் பஸ் ஆற்றுப்பாலத்தில் நின்றுகொண்டிருந்தது. உன் கார் எதிரே வந்தது. கை காட்டினாய், போய்விட்டாய். ஆறு வருஷ ஜோடிக்கு ஒரு கை. இரண்டு நிமிஷம் நிறுத்தி ஒரு காப்பி குடித்துவிட்டுப் போயிருந்தால் போலந்துக்காரர்கள் கதவைச் சாத்தியிருக்க மாட்டார்கள். சரி, விடு. சொல்லாமல் வைத்துக்கொண்டால் வயிற்றில் கல் மாதிரி கிடக்கும் என்று சொன்னேன்.

முதல் வாரம் ஒரு பெரியவர் ஏறினார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க அந்த கொர்னெல் ஷிமோதானே? சொந்த வலைக்குள்ளயே பக்கைத் தட்டி விட்டீங்களே?" என்றார்.

"ஆமா. எங்க போகணும்?"

"மில் கேட்டு. பார்த்து ஓட்டுங்க, திருப்பம் எந்தப் பக்கம்னு தெரியும்ல?"

பஸ்ஸே சிரித்தது. பதினான்கு வருஷம் ஆடியதில் ஊருக்கு நினைவிருப்பது அந்த ஒன்றுதான்.

யர்மிலா தினமும் காலையில் என் பஸ்ஸில்தான் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறாள். முன்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவாள். நேற்றுக் கேட்டாள், "உனக்காவது எழுதுறானா கொர்னெல்? எங்கிட்ட போன்ல 'எல்லாம் நல்லாருக்கு'ங்கிறதோட சரி. கல்யாணம் ஆன நாள்லேருந்து எல்லாம் நல்லாத்தான் இருக்கு." நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அவளுக்கும் ஒரு கடிதம் எழுது.

அந்தப் பையனுக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்காதே. ஒரே ஒரு வார்த்தை போதும், "ஆளு." மற்றதெல்லாம் பிறகு.

இடுப்பு படி ஏறும்போது மட்டும் கூப்பிடுகிறது. பஸ்ஸில் மூன்று படிதான்.

கொர்னெல்


கமியோன்கா
1998 டிசம்பர் 2

டேய் கொர்னெல்,

இரண்டு செய்தி. ஒன்று சிரிக்க, ஒன்று உட்கார்ந்து படிக்க.

சிரிக்க வேண்டியது முதலில். போன வாரம் வெளியூர் ஆட்டம். எங்கள் வலைக்குப் பின்னால் பக்கை எடுக்கப் போகிறேன். ரஃபாவுக்கு நீ சொன்னபடி அந்த ஒரு வார்த்தையைக் கற்றுக்கொடுத்திருந்தேன். கத்தினான், நன்றாகத்தான் கத்தினான், அடி விழுந்த பிறகு. ஆடுதளத்து ஓரக் கண்ணாடியும் பலகையும் சேர்ந்து என் தலையை வரவேற்றன. எழுந்தேன். சறுக்கிக்கொண்டு போய் பலகையைத் தாண்டி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்தவனிடம் தண்ணீர் கேட்டேன், கொடுத்தான். பாதி பாட்டில் குடித்த பிறகுதான் பார்க்கிறேன், அவன் சட்டை சிவப்பு. என்னுடையது வெள்ளை! எதிரணியின் பயிற்சியாளர் குனிந்து என் காதில் சொல்கிறார்: "அண்ணே, உங்கள விலைக்கு வாங்குற அளவுக்கு எங்க கிளப்ல வசதி இல்ல. எந்திரிங்க." அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். எழுந்து எங்கள் பக்கம் வந்து ஆட்டத்தின் மூன்றாவது பகுதியை முழுதாக ஆடினேன். ஜெயித்தோம்.

இப்போது உட்கார். கிளப் தலைவர் என்னைக் கூப்பிட்டார். வழக்கம்போல "நன்றி, போய் வாருங்கள்" என்பாராக்கும் என்று நினைத்து கோட்டைக் கழற்றாமல் போனேன். அவர் சொல்கிறார், "திபோர், எங்ககிட்ட ஓடுற ஆளு நிறைய இருக்காங்க. நிக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான். ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுங்க. அடுத்த பருவம் நீங்கதான் கேப்டன்."

இரண்டு வருஷம், கொர்னெல்! எனக்கு யாரும் இரண்டாவது வருஷம் தந்ததே இல்லை. யர்மிலா போனில் அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "ரெண்டு வருஷம்னா நானும் வர்றேன். ஒரு வருஷத்துக்குன்னா திரைச்சீலை தைக்க மாட்டேன்" என்றாள். இவ்வளவு காலத்தில் அவள் என்னோடு வந்து இருக்கிறேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. ஜனவரி நடுவில் கையெழுத்து. அதற்கு முன் ஒரு மருத்துவப் பரிசோதனை, வெறும் சடங்கு.

அந்த அடிக்குப் பிறகு அரங்கத்து விளக்குகள்தான் கொஞ்சம் தொந்தரவு. படிக்கும்போது வரிகள் நகர்கின்றன. இந்தக் கடிதத்தையே விட்டு விட்டுத்தான் எழுதுகிறேன். யர்மிலாவிடம் சொல்லி வைக்காதே.

திபோர்


பொத்ஹோரா
1998 டிசம்பர் 9

திபோர்,

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காலையில் வாந்தி வருகிறதா? சத்தம் தாங்க முடிகிறதா? இதற்கு முன் இந்தப் பருவத்தில் எத்தனை தடவை தலையில் பட்டது? எனக்குத் தெரிந்து நம் ஊரில் ஆடியபோதே இரண்டு. இரண்டு தடவையும் நான் உன்னைக் கையைப் பிடித்துப் பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீ ஜோக் அடித்துக்கொண்டே வந்தாய்.

நம் அணியில் ஆடிய ஃபெர்தோவைப் போன மாதம் ரொட்டிக் கடையில் பார்த்தேன். நம்மைவிட இரண்டு வயது சின்னவன். கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு கடைக்காரப் பெண்ணிடம், "இது நான் வாங்கினதா, வாங்கப்போறதா?" என்று கேட்டான். அவள் பழகிப்போனவள் மாதிரி, "வாங்கினதுதான், வீட்டுக்குக் கொண்டு போங்க" என்றாள். அவனும் தலையில் அடிமேல் அடி வாங்கியவன்தான். அவனும் மூன்றாவது பகுதியை முழுதாக ஆடியவன்தான்.

கிளப் டாக்டரிடம் போய்ச் சொல். சில மாதம் ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அடுத்த அடி அதற்குள் விழுந்தால்தான் ஆபத்தாம். யர்மிலாவின் ஆஸ்பத்திரி டாக்டரிடம் உன் பெயரைச் சொல்லாமல் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

கொர்னெல்


கமியோன்கா
1998 டிசம்பர் 16

கொர்னெல்,

பஸ் ஓட்டுகிறவன் டாக்டர் ஆகிவிட்டாயா? நல்லது. நமக்குத் தலையில் அடிபடாத வருஷம் எது? உனக்கும்தான் பட்டது. நீ நன்றாகத்தானே இருக்கிறாய், மற்றவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற அளவுக்கு.

இப்போது டாக்டரிடம் போனால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். "ஓய்வு எடுங்கள்" என்பார். கிளப் வேறு ஆளைத் தேடும். முப்பத்து நான்கு வயதுக்காரன் ஓய்வு எடுத்துவிட்டுத் திரும்பி வந்து நின்றால் கதவைத் திறப்பார்களா? ஜனவரி வரைக்கும் சமாளித்தால் எனக்கு ஒரு வீடு இருக்கிறது, யர்மிலா இருக்கிறாள், இரண்டு வருஷம் இருக்கிறது. உனக்கு யாரும் இரண்டு வருஷம் தரவில்லை என்பதற்காக எனக்கும் கிடைக்கக் கூடாதா?

கடைசி வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. நினைத்ததுதானே.

இருபத்து நான்காம் தேதி வருகிறேன். நான்கு நாள் இருப்பேன். இந்தப் பேச்சை எடுக்காதே.

திபோர்


பொத்ஹோரா
1999 ஜனவரி 4

திபோர்,

எடுக்கவில்லை, கவனித்தாயா? நான்கு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் கண் இருந்ததே.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஸ்டீபன் திருநாள் அன்று மதியம் உன் வீட்டில் சாப்பாடு. யர்மிலா முட்டைகோஸ் சூப்பைக் கொண்டு வந்து வைத்தாள். நீ எழுந்து வெளியே போனாய். குளிர்காற்று வேண்டுமாம். தோட்டத்துச் சுவருக்குப் பின்னால் நீ வாந்தி எடுத்ததைச் சமையலறை ஜன்னலிலிருந்து அவளும் பார்த்தாள். உள்ளே வந்து, "நேத்து சாப்பிட்ட மீன் ஒத்துக்கல" என்றாய். அந்த மீன் தொடாமல் கிடந்த உன் தட்டை எடுத்துக் கழுவியவள் அவள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்துவிட்டு, திரும்ப உன் வீட்டுக்கு நடந்தோம். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதிலிருந்து நாம் நடக்கிற வழி. பேக்கரி முனையில் நின்றுவிட்டாய். இடது பக்கம் பார்த்தாய், வலது பக்கம் பார்த்தாய். பிறகு, "நீ முன்னாடி போ, வழுக்குது" என்றாய். நான் முன்னாடி போனேன். அன்று வழுக்கவில்லை, திபோர். தெருவில் மணல் போட்டிருந்தார்கள்.

அதனால் இதை உன்னிடமே முதலில் சொல்கிறேன். வருகிற திங்கட்கிழமை, பதினோராம் தேதி, நான் உங்கள் கிளப் டாக்டருக்குப் போன் செய்யப்போகிறேன். அதற்குள் நீயே போய்ச் சொல்லிவிட்டால் செய்ய மாட்டேன். நீ மூலைக்குள் போகிறாய், முதுகு இந்தப் பக்கம் இருக்கிறது. பின்னால் ஆள் வருகிறான். நான் பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டுக் கத்தாமல் இருக்க எனக்குத் தெரியாது.

கொர்னெல்


கமியோன்கா
1999 ஜனவரி 15

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நீ திங்கட்கிழமையே போன் செய்துவிட்டாய்.

டாக்டர் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். விழுந்தேன். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். செப்டம்பரோடு நின்றுவிட்டேன். அவர் நல்ல மனுஷர், என் தோளில் கை வைத்து, "போதும், உட்காருங்க" என்றார். ரஃபாவ் கதவுக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தான். தலைவர் அந்த ஒப்பந்தத் தாளை மேஜையிலிருந்து எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். என் கண்முன் கிழிக்க அவருக்கு மனசு வரவில்லைபோல.

இத்தனை வருஷம் எத்தனையோ பேர் என்னைப் பனித்தளத்தை விட்டு விரட்டப் பார்த்தார்கள். யாராலும் முடியவில்லை. நீ ஒரு போனில் முடித்துவிட்டாய்.

இனி எனக்கு எழுதாதே.

திபோர் ரெப்சிக்


பொத்ஹோரா
1999 பிப்ரவரி 21

திபோர்,

எழுதாதே என்றாய். படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்தச் சந்தில் நுழைகிறேன்.

நீ ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. என் வீட்டுக்கும் உன் வீட்டுக்கும் நடுவில் நான்கு நிறுத்தம். இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை வாங்கும்போது உறையிலிருந்த விலாசத்தைப் பார்த்து அஞ்சலகத்துப் பெண், "இதுக்கு நடந்தே போயிடலாமே?" என்றாள். போகலாம். நீ கதவைத் திறக்க மாட்டாய். இதைத் தபால்காரன் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவான்.

மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. தபால் தாமதமானதற்கு மட்டும் வருந்துகிறேன். பனியில் லாரி நின்றுவிட்டதாம். அந்த ஒரு நாளை உனக்குத் தந்திருக்க வேண்டும். அது என் கணக்கில்தான்.

மற்றபடி ஊர்ச் செய்தி. போன சனிக்கிழமை ஒரு கல்யாண வாத்தியக் கோஷ்டி பஸ்ஸில் ஏறியது. அவர்கள் கார் பள்ளத்தில் இறங்கிவிட்டதாம். கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்த தாடிக்காரர் டிக்கெட்டுக்குப் பதிலாக வாசிக்கிறேன் என்றார். "டிக்கெட்டும் எடுங்க, வாசிக்கவும் செய்யுங்க" என்றேன். மில் கேட்டில் இறங்க வேண்டிய இரண்டு பெண்கள் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை ஆடிக்கொண்டே வந்தார்கள். நானும் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓட்டினேன்.

யர்மிலா இப்போது பின்னால் போய் உட்காருகிறாள். வணக்கம் மட்டும் சொல்கிறாள். திரைச்சீலைத் துணி வாங்கி வைத்திருந்தாளாம், பிறர் சொல்லிக் கேள்விப்பட்டேன். அவள் அங்கே வருவதாக இருந்தது தெரிந்துதான் நான் போன் செய்தேன்.

கொர்னெல்


பொத்ஹோரா
1999 ஏப்ரல் 18

திபோர்,

இது ஐந்தாவது கடிதம். பதில் வராது என்று தெரிந்து எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது, எழுத்துப் பிழையை யாரும் கிண்டல் செய்வதில்லை.

நம் ஊர் அணி கடைசி இடத்துக்கு இரண்டு இடம் மேலே முடித்தது. பனியை உருக்கிவிட்டார்கள். அரங்கத்தில் இப்போது நாய்க் கண்காட்சி.

உன்னை யாரும் நினைப்பதில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். மில் கேட்டுப் பெரியவர் இருக்கிறாரே, நேற்று அவராகவே சொன்னார், "உங்க ஜோடி மேல் லீக்குல மூணு ஆட்டம் ஆடினாரே, ரேடியோவுல கேட்டேன். மூணாவது ஆட்டத்துல கோல் கீப்பர் கீழ கிடக்க, இவர் குறுக்க விழுந்து பக்கை வயித்துல வாங்கினார். அந்தக் காலத்துல அப்படி யாரு விழுந்தா?" அந்த மூன்றில் இரண்டு ஆட்டம் உன்னைப் பெஞ்சிலேயே உட்கார வைத்ததை நீ எனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாய். இந்த விழுந்த கதையை ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே?

இன்று காலை யர்மிலா முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி வரும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, "நிறுத்தாம எழுது" என்றாள். கதவை மூட மறந்து கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டேன்.

கொர்னெல்


பொத்ஹோரா
1999 ஜூலை 27

கொர்னெல்,

ஆறு மாதம் கழித்து என் கையால் எழுதுகிற முதல் கடிதம். கோணல் மாணலாக இருக்கும்.

உன் கடிதங்கள் எதையும் நான் படிக்கவில்லை, படிக்க முடியவில்லை. யர்மிலா படித்துக் காட்டினாள். ஜன்னலை மூடிவிட்டு, கதவு இடுக்கில் வருகிற வெளிச்சத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் படிப்பாள். முதல் கடிதத்துக்கு, "வேண்டாம், அடுப்புல போடு" என்றேன். "எனக்கு வந்ததா நினைச்சு நான் படிக்கிறேன். நீ காதைப் பொத்திக்கோ" என்றாள். வாத்தியக் கோஷ்டி வந்தபோது அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்குச் சிரித்தால் தலை வலித்தது. சிரித்தேன்.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது இன்னும் உன்னைத்தான் திட்டுகிறேன்.

மே மாதத்திலிருந்து தேவலை. வாந்தி இல்லை. சாயங்காலம் ஆற்றங்கரையில் நடக்கிறேன். அப்படி இருக்கும்போதுதான் பழைய தரகர் போன் செய்தார். ஹங்கேரியில் ஒரு கிளப். ஒரு வருஷம். "பரிசோதனை கிரிசோதனை எதுவும் இல்ல, திபோர். நிக்கத் தெரிஞ்ச ஆளு வேணும், அவ்வளவுதான்." நான் சரி என்றுவிட்டேன். யர்மிலா, "போனா போ. பெட்டியை நான் கட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். நானே கட்டினேன்.

ஏன் போகிறாய் என்று கேட்பாய். வேறு என்ன தெரியும் எனக்கு? காலையில் எழுந்ததும் எங்கே போக வேண்டும் என்று யாராவது ஒரு தாளில் எழுதி ஒட்டியிருப்பார்கள், அங்கே போவேன். பதினைந்து வருஷம் அப்படி. இப்போது சுவரில் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் இரண்டு, திங்கட்கிழமை காலை. ரயில் நிலையத்துக்கு உன் பஸ்ஸை விட்டால் வேறு இல்லை. ஏறுவேன். நீ பேச வேண்டாம். டிக்கெட்டைக் கொடு, போதும். இந்தத் தடவை யாருக்கும் போன் செய்யாதே.

திபோர்


பொத்ஹோரா
1999 ஆகஸ்ட் 3

கொர்னெல்,

நேற்று நான் ஏன் இறங்கவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே ஏதாவது ஜோக் அடித்திருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

நீ டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாய், முகத்தைப் பார்க்கவில்லை. நான் நடுவில் உட்கார்ந்தேன், மட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு. மில் கேட்டில் உன் பெரியவர் ஏறினார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, திரும்பவும் ஆட்டமா? நல்லது, நல்லது! எந்த ஊருக்கு?" என்றார்.

வாயைத் திறந்தேன். ஊர்ப் பெயர் வரவில்லை.

மறந்துவிட்டது என்பது சரியான சொல் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடம் இருந்தது, அதில் பெயர் இல்லை. காலையில் யர்மிலாவிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். சட்டைப்பையில் தாளில் எழுதியிருந்தது. கையை உள்ளே விட்டால் எடுத்துவிடலாம். விடவில்லை. "ஹங்கேரி" என்றேன். அவர், "அது பெரிய ஊராச்சே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். என் முதுகெல்லாம் வியர்த்திருந்தது.

பயந்துபோனேன், கொர்னெல். உன்னிடம் முதல் தடவையாகச் சொல்கிறேன். பெரிய ஆள்கள் ஓடி வரும்போது பயந்ததில்லை. அந்தப் பெரியவர் என் பதிலுக்குக் காத்திருந்தபோது பயந்தேன்.

ரயில் நிலையம் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள், ஏற வேண்டியவர்கள் ஏறினார்கள். நீ கதவை மூடவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் உன் கண் தெரிந்தது. பின்னாலிருந்து ஒரு அம்மா, "என்னப்பா, கிளம்பலையா? எனக்குப் பல் டாக்டர்கிட்ட நேரமாச்சு!" என்றாள். நீ, "ஒரு ஆளு யோசிச்சுக்கிட்டு இருக்காரும்மா" என்றாய். "யோசிக்கிறத வீட்ல யோசிச்சுட்டு வரக் கூடாதா?" என்றாள் அவள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ மட்டும் பார்க்கவில்லை.

ரயில் வந்து நின்ற சத்தம் கேட்டது. போன சத்தமும் கேட்டது. அப்புறம்தான் நான், "கதவ மூடு" என்றேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் ஜனவரிக் கடிதம் ஒரு நாள் முன்னால் வந்திருந்தாலும், ஒரு வாரம் முன்னால் வந்திருந்தாலும், நான் டாக்டரிடம் போயிருக்க மாட்டேன். பனியில் நின்ற லாரியின் மேல் பழியைப் போட்டு இத்தனை மாதம் ஓட்டினேன். அந்த ஒரு நாளை உன் கணக்கிலிருந்து எடுத்துவிடு.

வீட்டுக்கு வந்ததும் யர்மிலா கதவைத் திறந்தாள். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சாப்பிட்டியா?" என்றாள். இல்லை என்றேன். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்துவிட்டு, நான் சாப்பிடும்போதே பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாள். காலுறைகள் வரைக்கும். காலிப் பெட்டியைப் பரணில் ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன்.

இன்று காலை எழுந்தேன். எங்கேயும் போக வேண்டியதில்லை. இதை எழுதினேன்.

திபோர்


பொத்ஹோரா
1999 ஆகஸ்ட் 5

திபோர்,

பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். பார்க்க முடியவில்லை. பார்த்திருந்தால் எழுந்து வந்து உன் சட்டையைப் பிடித்திருப்பேன். நீ உதறிவிட்டு அந்த ரயிலில் ஏறியிருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். அதனால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இறங்கப்போகிறாய் என்றுதான் நினைத்தேன். கடைசி வரை அப்படித்தான் நினைத்தேன். உள்ளங்கையில் தோல் உரிந்திருக்கிறது.

அந்தப் பல் டாக்டர் அம்மா டிப்போவில் புகார் கொடுத்திருக்கிறாள். தாமதத்துக்குக் காரணம் கேட்டார்கள். "பயணி ஒருத்தர் இறங்கல" என்றேன். "இறங்காததுக்கு எதுக்குய்யா நிக்கணும்?" என்றார் மேலாளர். அவருக்கு எப்படி விளக்குவது? கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டுக்கு வா. யர்மிலாவையும் கூட்டிக்கொண்டு வா. உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் செய்கிறேன், நன்றாக வராது, ஆனால் நிறைய இருக்கும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை, நான் கேட்க மாட்டேன்.

உன் மனைவி இன்று பஸ்ஸில் ஒரு நிபந்தனை போட்டாள். சாப்பாட்டு மேஜையில் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாதாம். சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். பிறகு மில் கேட்டு வரைக்கும் யோசித்துக்கொண்டே ஓட்டினேன். இத்தனை வருஷத்தில் நாம் இரண்டு பேரும் வேறு எதைப் பற்றியாவது பேசியிருக்கிறோமா? ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

வா. வந்து உட்கார். என்ன பேசுவது என்று அப்புறம் பார்த்துக்கொள்வோம்.

கொர்னெல்